நடக்கலாம் என்றார் மருத்துவர், ஆடலாமா? பாலே பயிலும் மகளின் பாத எலும்பு முறிவு

செங்காங் அம்மா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது, உயர்நிலை 1இல் படிக்கிறாள். 6 வயதிலிருந்து பாலே கற்றுவரும் அவள், சென்ற ஆண்டுதான் விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் காலணி அணியத் தொடங்கினாள். 7 வாரங்களுக்கு முன்பு வகுப்பில் தாவி இறங்கும்போது பாதம் வெளிப்பக்கமாகப் புரண்டு, சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் ஓரமாகச் செல்லும் நீண்ட எலும்பு, அதாவது ஐந்தாம் மெட்டாடார்சல், முறிந்துவிட்டது. எலும்பு அதிகம் விலகவில்லை என்பதால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. முழங்காலுக்குக் கீழ்வரை வரும் பூட் ஒன்றை 6 வாரம் அணிந்திருந்தாள். சென்ற வாரம் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், எலும்பு நன்றாகக் கூடிவருகிறது, இனிச் சாதாரணக் காலணியோடு நடக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆடலாமா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் நடத்தும் இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன் தேர்வுக்கு இன்னும் 6 வாரம் இருக்கிறது, கட்டணமும் கட்டியாயிற்று. நடக்க முடிகிறதென்றால் மெதுவாக வகுப்புக்கு வரட்டும் என்கிறார் ஆசிரியை. அவர் பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்தான், குறை சொல்வதற்கில்லை. தஞ்சாவூரில் இருக்கும் என் மாமியார் வாட்ஸ்அப்பில் நாள்தோறும், முறிந்த எலும்புக்கு நாட்டு வைத்தியர்கள் போடும் புத்தூர்க் கட்டைப் பற்றியே பேசுகிறார். எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அம்மா, சீன வைத்தியரிடம் அழைத்துப்போய் நீவிவிட்டால்தான் இரத்த ஓட்டம் வரும் என்கிறார். என் கணவரோ, ஆடியது போதும், படிப்பைப் பார்க்கட்டும் என்று முடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்குமேல் சமையலறையில் ஏதோ தட்டுவதுபோல் சத்தம் கேட்டு எழுந்துபோனேன். விளக்கைப் போடாமல், பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முறிந்த காலிலேயே ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். மறுநாள் காலை பள்ளிக் காலணிக்குள் பாதம் நுழையவில்லை.

தேர்வுக்கு விடுவதா, விலக்கிக்கொள்வதா என்பது ஒரு கேள்வி. அதைவிட என்னை வாட்டுவது, வலியை என்னிடமே மறைக்கும் பிள்ளையை எப்படிக் கையாள்வது என்பதுதான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இயன்முறையாளர்:

சகோதரிக்கு வணக்கம். நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன், நடனமாடும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல இயலாது என்பதால், நான் எழுதுவதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலணிக்குள் நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கியிருந்தால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் மருத்துவமனையை அழைத்து, செவ்வாய் இரவு நடந்ததையும் சொல்லி, முன்கூட்டியே காட்டிவிடுங்கள். முறிவு எலும்பின் எந்தப் பகுதியில் என்பதையும் அப்போது கேட்டுக்கொள்ளுங்கள். நடுத்தண்டில் என்றால் பெரும்பாலும் தானாகவே நன்றாகக் கூடிவிடும். கணுக்கால் பக்கத்து அடிப்பகுதியை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட இடத்தில் என்றால், அங்கே இரத்த ஓட்டம் குறைவாதலால் கூடுவதற்கு நாளாகும், சிலருக்குத் திருகாணி வைக்கவும் நேரிடும்.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் நடுத்தண்டு முறிவாகத்தான் தோன்றுகிறது. பாலே ஆடுபவர்களிடம் அது அவ்வளவு வழக்கமானது என்பதால் மருத்துவர்கள் அதை 'நடனக்காரர் முறிவு' என்றே அழைக்கிறார்கள். குதிகாலை உயர்த்தி விரலடியில் நிற்கும்போது பாதம் புரண்டால் எலும்பு திருகினாற்போல் உடைகிறது. இப்படி முறிந்த 35 நடனக் கலைஞர்களின் விவரங்களைத் தொகுத்து 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியானது. வலியில்லாமல் நடக்க அவர்களுக்குச் சராசரியாக 6 வாரமும், கம்பியைப் பிடித்துச் செய்யும் பார் பயிற்சிக்குத் திரும்ப ஏறத்தாழ 12 வாரமும், தடையின்றி மேடையில் ஆட 19 வாரமும் ஆயின. உங்கள் மகள் 7ஆம் வாரத்தில் இருக்கிறாள். தேர்வு 13ஆம் வாரத்தில் வருகிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு சற்று விரைவாகக் கூடும் என்பது உண்மைதான், ஆயினும் எலும்பு மட்டும் கூடினால் போதாது.

ஒரு தையல் நாடாவை எடுத்து, இரண்டு கால்களிலும் முழங்கால் சிப்பிக்குக் கீழே ஒரே தூரத்தில் கெண்டைக்காலின் சுற்றளவை அளந்து பாருங்கள். 6 வாரம் பூட்டுக்குள் இருந்த கால் மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியலாம். ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடச் சொன்னால் அந்தப் பக்கம் தள்ளாடுவாள். பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் அத்தனை நாள் தூங்கியிருக்கிறது, பாதம் புரண்டபோது கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார்களும் இழுபட்டிருக்கும். அந்தக் காலைக் கொண்டு தாவி இறங்கினால் மறுபடியும் அதே பக்கம்தான் புரளும்.

ஆகவே வரிசை முக்கியம். உட்கார்ந்தபடி விரல்களால் துண்டைச் சுருட்டுவதும், ரப்பர் பட்டையை இழுப்பதும், நீச்சல்குளத்தில் நெஞ்சளவு நீரில் நடப்பதும் முதலில் வரும். பிறகு இரண்டு காலில் குதிகால் உயர்த்துதல், அது எளிதான பின் ஒற்றைக்காலில். நல்ல காலில் 25 முறை உயர்த்த முடிகிறதென்றால் முறிந்த காலிலும் அதே உயரத்துக்கு, அதே எண்ணிக்கை வர வேண்டும். அதன் பிறகே மென்காலணியுடன் பார், கம்பியைப் பிடிக்காமல் செய்யும் நடுத்தளப் பயிற்சி, இரண்டு காலில் சிறு தாவல், ஒற்றைக்கால் தாவல் என்று போகலாம். பாயின்ட் காலணி எல்லாவற்றுக்கும் கடைசி. பயிற்சி செய்யும்போது வலிக்கவில்லை என்பது பெரிய சான்று அன்று. மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி எப்படி இருந்தது என்று கேளுங்கள். அதில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் முந்திய நாள் செய்தது அதிகம்.

நீவிவிடுவது, இழுத்துக் கட்டுவது இரண்டும் இப்போது வேண்டாம். கூடிக்கொண்டிருக்கும் முறிவின்மேல் அழுத்திப் பிடித்தால் நன்மையில்லை. மாமியாரின் மனம் நோகாமல் இருக்க வேண்டுமென்றால், தேக்கா சந்தையில் பிரண்டை வாங்கித் துவையல் அரைத்துக் கொடுத்ததாகச் சொல்லுங்கள், சாப்பாட்டில் தவறில்லை.

ஜூரோங் அப்பா:

மேலே எழுதியவர் சொன்னதை நான் அன்று கேட்டிருந்தால் என் மகளுக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும். அவளுக்கு 14 வயதில் இரண்டாம் விரலின் பின்புற எலும்பில் வலி வந்தது. விழவில்லை, புரளவில்லை, நாளடைவில் வந்த வலி. நாங்கள் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அழுத்தத்தால் வரும் நுண்முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. தொடர்ந்து ஆடினாள். இரண்டு மாதம் கழித்து வேறோர் இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் விரிசல் தெரிந்தது.

ஆனால், நான் சொல்ல வந்தது அதுவன்று. அந்த இரண்டு மாதமும் அவள் வலியை மறைத்தாள், மறைக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். முதல்முறை வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, 'அப்படியானால் இந்த மாதம் வகுப்பே வேண்டாம்' என்றேன். அடுத்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கணவர் பாலேயை நிறுத்தச் சொல்வது உங்கள் மகளின் காதில் விழுந்திருந்தால், நள்ளிரவில் அவள் ஏன் விளக்கைப் போடவில்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நான் உங்கள் கணவரைக் குறை கூறவில்லை, நானும் அப்படித்தான் பேசினேன்.

பிறகு நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, காலையில் எழுந்ததும் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று அவளே எழுதுவாள். 3க்கு மேல் எழுதினால் அன்றைய பயிற்சி மட்டும் குறையும், அதற்காக யாரும் பாலேயைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதல் வாரம் முழுவதும் 0, 0 என்றே எழுதினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் நாள் 4 என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். என் மகள் மெலிந்திருக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவந்தாள், அவளுக்கு மாதவிலக்கும் சில மாதங்களாக நின்றுபோயிருந்தது. இரண்டும் எலும்பை நலிவாக்கும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் என் மனைவிக்கு எல்லாம் கோவையாகப் புரிந்தது. இதைத் தந்தை கேட்க முடியாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தலையோடும் முள்ளோடும் சாப்பிடும் நெத்திலியிலும் நிறைய உண்டு. சம்பலாகச் செய்தால் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள். வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுப்பாதீர்கள். என் மகள் ஒரே ஒரு நாள் போய்விட்டு, திரும்பும் வழியெல்லாம் ரயிலில் அழுதுகொண்டே வந்தாள்.

முன்னாள் மாணவி:

ஆன்ட்டி, வணக்கம். நான் 17 வயதுவரை பாலே ஆடியவள், இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். 14 வயதில் எனக்குக் கணுக்கால் தசைநார் கிழிந்து நான்கு மாதம் ஆடவில்லை. அங்கிள் சொன்ன கடைசி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நானும் முதல் நாள் அழுதேன். இரண்டாம் வாரம் ஆசிரியை என் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, மற்றவர்கள் ரெலவேயிலிருந்து, அதாவது குதிகாலை உயர்த்தி நிற்கும் நிலையிலிருந்து, இறங்கும்போது யாருடைய கணுக்கால் உள்ளே சரிகிறது, யாருடையது வெளியே சரிகிறது என்று எழுதச் சொன்னார். வேலை கொடுத்தபின் அழுகை நின்றது. நாள் கணக்கில் பார்த்தபோது, என்னுடைய கால் ஏன் புரண்டது என்பதே எனக்கு அங்கேதான் விளங்கியது. களைத்தபின் நான் சுண்டுவிரல் பக்கமாக எடையைச் சாய்த்துவிடுவேன். உட்கார வைப்பதானால் வேலையோடு உட்கார வையுங்கள், வேலை இல்லையென்றால் அங்கிள் சொல்வதே சரி.

தேர்வைப் பற்றி: இன்டர்மீடியட் ஃபவுண்டேஷனுக்குக் குறைந்தபட்ச வயது 11 என்று இருக்கிறதே தவிர உச்ச வயது என்று ஒன்றில்லை. அடுத்த சுற்றில் எழுதலாம், அதற்கடுத்த ஆண்டும் எழுதலாம். இதை உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பாள், ஆசிரியை சொன்னால் நம்புவாள். அதனால் மருத்துவச் சான்றிதழை எடுத்துக்கொண்டு முதலில் ஆசிரியையிடம் தனியாகப் பேசுங்கள், கட்டணத்தை என்ன செய்யலாம் என்பதையும் அவரே கேட்டுச் சொல்வார். பெரும்பாலான ஆசிரியைகளுக்கு 'நடக்கலாம்' என்ற சொல்தான் எட்டியிருக்கும், மீதி எட்டியிருக்காது.

பழைய பாயின்ட் காலணியை மறுபடியும் போட விடாதீர்கள். அந்த வயதில் நான்கைந்து மாதத்தில் பாதம் நீளும், முறிவுக்குப் பின் அகலமும் கொஞ்சம் மாறியிருக்கலாம். திரும்பவும் அளந்து வாங்க வேண்டியிருக்கும், செலவுதான்.

செங்காங் அம்மா:

பதில் எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவமனையை அழைத்துப் பேசி, வெள்ளிக்கிழமை காட்டிவிட்டு வந்தோம். முறிவு நடுத்தண்டில்தான், கூடியது விலகவில்லை, வீக்கம் அதிகம் உழைத்ததால் வந்தது என்றார்கள். இந்த முறை கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனதால் மருத்துவரும் பொறுமையாக விளக்கி, இயன்முறைப் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தார். தாவல் எப்போது என்று மகளே கேட்டாள். நான்காம் மாதத்துக்கு முன் அந்தப் பேச்சே இல்லை என்று அவர் அவளைப் பார்த்தே சொன்னது நல்லதாகப் போயிற்று.

ஆசிரியையிடம் தனியாகப் பேசினேன். 6, 12, 19 என்ற கணக்கைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தேர்விலிருந்து தாமே பெயரை விலக்கிக்கொள்வதாகவும், மகளிடம் தாமே சொல்வதாகவும் கூறினார். குறிப்பேட்டு யோசனையும் அவருக்குப் பிடித்திருந்தது. மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தையல் நாடாவால் அளந்தோம். வலது காலைவிட இடது கால் ஒன்றரை சென்டிமீட்டர் மெலிந்திருக்கிறது. நாடாவை அவள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன், மூன்று முறை அளந்து பார்த்தாள். என் கணவரும் பக்கத்தில்தான் இருந்தார். ஜூரோங் அப்பா எழுதியதை அவருக்கு முன்பே படித்துக் காட்டியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று இரவு குளிர்பதனப் பெட்டிக் கதவில் தாளை ஒட்டியவர் அவர்தான்.

இன்றோடு நான்கு நாள் ஆகிறது. மூன்று நாள் 0 என்றும், இன்று காலை 2 என்றும் எழுதியிருக்கிறாள். 2 என்பதை முதலில் 1 என்று எழுதி, அடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறாள்.