ஹால்மார்க், மேக்கர்ஸ் மார்க், டேட் லெட்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய வெள்ளி, தங்கப் பொருள்களுக்கான சொற்பட்டியலில் ஹால்மார்க் "தரமுத்திரை" என்றும், மேக்கர்ஸ் மார்க் "தயாரிப்பாளர் முத்திரை" என்றும், டேட் லெட்டர் "தேதி எழுத்து" என்றும் இருக்கின்றன. மூன்றையும் மாற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை.

முதலில் ஹால்மார்க். பொருளைச் செய்தவரோ விற்றவரோ அல்லாத மூன்றாவது தரப்பு உலோகத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்து, தேறிய பிறகு அடிக்கும் குறிகளின் தொகுதி அது. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டம் சிறுத்தைத் தலையைக் கொண்டுவந்தது. 1363இல் செய்பவரின் குறியும், 1478இல் ஆண்டைக் காட்டும் எழுத்தும், 1544இல் வெள்ளியின் தரத்தைக் காட்டும் நடக்கும் சிங்கமும் சேர்ந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை. "தரமுத்திரை" என்றால் சிங்கம் ஒன்றுதான் நினைவுக்கு வரும்.

"மாற்றுப்பொறி" என்பது என் முன்மொழிவு. பொன்னின் தூய்மையை மாற்று என்றுதான் நாம் சொல்லிவந்திருக்கிறோம். பொறி என்பதும் அதிகாரி அடிக்கும் அடையாளத்துக்குரிய பழைய சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சரக்குகளுக்குப் புலி பொறித்தே வெளியே விடுகிறார்கள்.

*

> "மாற்றுப்பொறி" என்பது என் முன்மொழிவு.

ஐயா, வேர் சரி. ஆனால் இன்று படிப்பவர் இதை "வேறொரு இயந்திரம்" என்றுதான் எடுத்துக்கொள்வார். மாற்று என்றால் இப்போது பதிலி. பொறி என்றால் எந்திரம். இரண்டு பாதியும் வழுக்குகின்றன.

மாற்று என்ற சொல்லைக் கைவிட வேண்டாம், தூய்மை அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அங்கே அது மிகவும் தேவை. ஒவ்வொரு நாடும் வேறு அடியெண்ணில் தூய்மையைச் சொல்லியிருக்கிறது. ரஷ்ய வெள்ளியில் உள்ள 84ஐ நூற்றுக்கு 84 என்று படிக்கிறவர்கள் பலர். அது 96இல் 84, அதாவது ஆயிரத்துக்கு 875. ரஷ்யத் தங்கத்தில் 56 என்றால் 583, அதாவது 14 காரட். இவற்றுக்கெல்லாம் "மாற்றெண்" என்று ஒரே பெயர் கொடுத்து, பக்கத்தில் அடியெண்ணைக் குறிக்கலாம்.

தொகுதிக்கு "சான்று முத்திரை" என்று வைப்போம். சோதித்தவர் வேறொருவர் என்பது சான்று என்ற சொல்லிலேயே இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொன்றும் "குறி": ஊர்க்குறி, தரக்குறி, வரிக்குறி. முத்திரை என்றால் முழுத் தொகுதி, குறி என்றால் அதன் உறுப்பு. இந்த வேறுபாட்டை எங்கும் தளர்த்தக் கூடாது.

இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்க வெள்ளியில் "ஸ்டெர்லிங்" (ஆயிரத்துக்கு 925) என்றோ, தொள்ளாயிரம் மாற்றைக் காட்ட "காயின்" என்றோ இருப்பது செய்தவரோ விற்றவரோ தாமே அடித்துக்கொண்டது. அங்கே நாடு தழுவிய அரசுச் சோதனைச் சாலை முறை கிடையாது. அதை "தற்சான்று" என்றால் வேறுபாடு உடனே விளங்கும். ஜெர்மனியில் 1888 முதல் நடைமுறைக்கு வந்த பிறையும் கிரீடமும் 800 (ஆயிரத்துக்கு) என்ற எண்ணோடு சேர்ந்து வரும்; அதுவும் செய்தவர் தம் பொறுப்பில் அடித்ததுதான், அதனால் தற்சான்றே. "தரமுத்திரை" என்ற பழைய சொல் இவற்றையெல்லாம் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

*

"சான்று முத்திரை"க்கு என் ஆதரவு. மேக்கர்ஸ் மார்க் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலானோர் ஏமாறும் இடம் அதுதான்.

அந்த எழுத்துகளுக்கு உரியவர் பொருளைச் சோதனைக்குக் கொடுத்தவர், உலோகக் குறைபாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் கையால் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லண்டன் வெள்ளிக் கொல்லர் பால் ஸ்டோர் 1819இல் ருண்டெல் நகை நிறுவனத்தை விட்டு விலகியதும் ஃபிலிப் ருண்டெல் தம் பெயரெழுத்துகளைப் பதிந்தார். அவர் கடை முதலாளி, சுத்தியல் பிடித்துப் பாத்திரம் அடித்தவர் அல்லர். லண்டன் வெள்ளிப் பட்டறை உரிமையாளர் ஹெஸ்டர் பேட்மன் 1761இல் பதிந்த "ஹெச் பி" குறியும் ஒரு பட்டறை முழுவதற்கும் உரியது. ஒருவர் குறியின்மேல் இன்னொருவர் குறி அடித்ததும் உண்டு. பூதக்கண்ணாடியில் அடியிலிருக்கும் பழைய எழுத்தின் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

எனவே "பொறுப்புக்குறி". செய்த பட்டறை எது என்று பதிவேடு போன்ற வேறு சான்றால் உறுதியானால் மட்டும் "பட்டறைக்குறி" என்று எழுதலாம். விவரக்குறிப்பில் "செய்தவர்: இன்னார்" என்று எழுதும் பழக்கத்தை இந்தச் சொல்லே தடுத்துவிடும்.

பொறுப்புக்குறிக்கு விளக்கம் எழுதும்போது எழுத்தைச் சுற்றியுள்ள சட்டகத்தின் வடிவத்தையும் சேர்க்க வேண்டும். பிரான்சில் 1797க்குப் பிறகு வெள்ளி, தங்கம் செய்பவரின் குறி சாய்சதுரத்துக்குள்தான் இருக்கும். முலாமும் தகடும் போட்டவற்றுக்குச் சதுரம். எழுத்து தேய்ந்து போனாலும் சட்டகம் பேசும். 1697 முதல் 1720 வரை இங்கிலாந்தில் கட்டாயமாக இருந்த 958 (ஆயிரத்துக்கு) வெள்ளித் தரக் காலத்தில் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அடித்தார்கள். அவற்றை இரு பெயர்களின் தலைப்பெழுத்துகள் என்று எண்ணித் தேடினால் ஆள் அகப்படவே மாட்டார்.

*

> டேட் லெட்டர் "தேதி எழுத்து"

தேதி அல்ல, ஆண்டு. "ஆண்டெழுத்து" என்று மாற்றுவோம். அந்த ஆண்டும் ஜனவரியில் தொடங்குவதல்ல. லண்டனில் மே மாதம் எழுத்து மாறும், பர்மிங்காமில் ஜூலை. 1975 முதல்தான் எல்லா ஊர்களிலும் ஜனவரி 1. அதனால் பழைய பொருளுக்கு 1796/97 என்று இரண்டு ஆண்டுகளையும் எழுத வேண்டும்.

ஆண்டெழுத்தைத் தனியாகப் படிக்கக் கூடாது என்பதும் விளக்கத்தில் வர வேண்டும். லண்டனில் ஒரு சுற்று 20 எழுத்துகள். பெரிய "ஏ", சாதாரண ரோமன் வடிவில், 1716, 1796, 1876, 1936 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் வருகிறது. பிரித்தறியும் வழி இது. சிங்கத்துக்குப் பதில் அமர்ந்த பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண்) உருவமும் கழுத்தோடு பிய்த்த சிங்கத் தலையும் இருந்தால் 1716 (மேலே சொன்ன 958 தரக் காலம்). சிறுத்தைத் தலையில் கிரீடம் இருந்து, கூடவே வலப்பக்கம் பார்க்கும் அரசர் தலை இருந்தால் 1796. கிரீடம் இல்லாமல் இடப்பக்கம் பார்க்கும் அரசி தலை இருந்தால் 1876. கிரீடமும் இல்லை, தலையும் இல்லை என்றால் 1936. காரணம் எளிது: தலை என்பது வரி கட்டியதற்கான குறி, 1784 டிசம்பர் முதல் 1890 வரை மட்டும் அடித்தார்கள், சிறுத்தையின் கிரீடம் 1821இல் போயிற்று. இதனால்தான் "வரிக்குறி" தனிப் பதிவாக வர வேண்டும் என்கிறேன்.

ஊர்க்குறியை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஆண்டெழுத்துக்குப் போக வேண்டும். பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம் (1975க்குப் பிறகு ரோஜா), எடின்பரோவுக்குக் கோட்டை, டப்ளினுக்கு முடிசூடிய யாழ். ஒவ்வோர் ஊருக்கும் எழுத்துச் சுற்று வேறு. தங்கத்திலும் கிரீடம் வருவதால் ஷெஃபீல்டு வெள்ளி என்று மயங்க இடமுண்டு. இதைவிடப் பெரிய மயக்கம் ஒன்று: லண்டனில் 1844 வரை 22 காரட் தங்கத்துக்கும் அதே நடக்கும் சிங்கம்தான். தங்க முலாம் பூசிய வெள்ளியா, முழுத் தங்கமா என்பதை அந்தக் காலப் பொருளில் முத்திரை சொல்லாது. நீரில் எடை பார்த்து அடர்த்தி கணக்கிட வேண்டும். ஸ்டெர்லிங் வெள்ளி 10.4 அருகில் நிற்கும், 22 காரட் 17ஐத் தாண்டும்.

*

போலிகளுக்கும் சொல் வேண்டும். "போலி முத்திரை" என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு செயல்களை, அதிலும் ஒன்று குற்றமே அல்லாததை, மூடி மறைக்கிறது.

மின்முலாம் பூசிய பொருளில் இ, பி, என், எஸ் (நிக்கல் கலவையின்மேல் வெள்ளி மின்முலாம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகளைத் தனித்தனிச் சட்டகத்தில், பழைய எழுத்து வடிவில் அடித்திருப்பார்கள். பார்வைக்குச் சான்று முத்திரை போலவே இருக்கும். இதற்கு "சாயல்குறி" என்பேன். படித்துப் பார்த்தால் உண்மையைத்தான் சொல்கிறது.

அச்சைத் திருட்டுத்தனமாகச் செய்து அடித்ததும், உண்மைக் கரண்டியை அச்செடுத்து வார்த்ததும் "கள்ளமுத்திரை". வார்ப்பில் குறியின் அடித்தளம் பொடிப்பொடியாக, ஓரங்கள் மழுங்கி இருக்கும். அடித்த குறியில் உலோகம் ஒதுங்கிய கூர்விளிம்பு தெரியும். ஆறு கரண்டிகள் கொண்ட தொகுப்பில் பொறுப்புக்குறியின் சாய்வும் இடைவெளியும் ஆறிலும் ஒன்றேயானால் வார்ப்பு என்று கொள்ளலாம். கையால் தனித்தனியே அடித்தது அப்படி அமையாது.

மூன்றாவது, சிறு பொருளிலிருந்து உண்மையான முத்திரையை வெட்டிப் பெரிய பொருளில் பற்றவைப்பது. "ஒட்டுமுத்திரை" என்று வைக்கலாம். 1720 முதல் 1758 வரை அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தபோது அதைத் தவிர்க்கச் செய்தவர்களும் உண்டு. பரிசோதனை: முத்திரைப் பகுதியில் வாயால் ஊதி ஈரம் படியவிட்டால், ஈரம் மறையும் நேரத்தில் பற்றவைத்த கோடு வட்டமாகவோ சதுரமாகவோ தெரியும். முன்கூட்டிப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் இந்த வேறுபாடு போய்விடும், குறியும் தேயும். தேய்ந்த குறியைப் படிக்க, மெழுகுவத்திப் புகையை அதன்மேல் படியவிட்டு, ஒளிபுகும் ஒட்டுநாடாவால் எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால் பத்து மடங்கு கண்ணாடியில் சரியாகத் தெரியும். அரக்கோ கல்லோ பதித்த பொருளுக்குப் புகை வேண்டாம்.

*

அன்புடையீர், மூன்று பதிவுகளையும் மேலே சொன்னபடி மாற்ற எனக்குத் தடையில்லை. "மாற்றுப்பொறி"யைத் திரும்பப் பெறுகிறேன். விட்டுப்போன ஒன்றுக்குப் பெயர் வேண்டும்: பாத்திரத்தின் மூடி, கைப்பிடி போன்ற கழலும் உறுப்புகளில் முழுத் தொகுதி இருக்காது. தேநீர்க் கெண்டியின் அடியில் எல்லாம் இருக்க, மூடியின் உட்புறம் சிங்கமும் பொறுப்புக்குறியும் மட்டும் இருக்கும். அதைக் குறைமுத்திரை என்றால் குற்றம் போல ஒலிக்கிறது. "உறுப்புமுத்திரை" சரியாக வருமா? மூடியில் அதுவும் இல்லையென்றால், அல்லது அடியிலுள்ள பொறுப்புக்குறியோடு பொருந்தவில்லையென்றால், மூடி பின்னால் மாற்றப்பட்டதாக இருக்கலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துப் பதிவை அனுப்புகிறேன், கருத்து சொல்லுங்கள்.