தன்மோகமும் குடியும்: எது முதலில்?

கேள்வி (காவேரிப்பட்டணம்): மாங்காய் மண்டி நடத்தும் என் மைத்துனர், எவரையும் மதிக்காதவர், இப்போது குடிக்கு அடிமையாகிவிட்டார். தன்னையே மிகையாகப் போற்றும் குணமான தன்மோகம் (நார்சிசம்) இதற்குக் காரணமாகுமா?

பதில் (தருமபுரி): இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது உண்டு, ஒன்றே மற்றொன்றை உண்டாக்கியது என அறுதியிட முடியாது. வெளியே பெருமை பேசினாலும் சிறு விமர்சனத்தையும் தாங்காத உள்ளத்தின் வெட்கத்தை மது சற்று நேரம் மரத்துப்போகச் செய்கிறது. "நினைத்தால் நிறுத்திவிடுவேன்" என்ற இறுமாப்போ சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது.

பதில் (ஓசூர்): குடியே பொய்யையும் சுயநலத்தையும் வளர்ப்பதால், குடியை விட்ட பின்னரும் அக்குணம் நீடிக்கிறதா, இளமையிலேயே இருந்ததா என்று ஆராய்ந்தே மனநல மருத்துவர் ஆளுமைக் கோளாறு என முடிவு செய்வார். நாமே பட்டம் சூட்டுவது (உறவுச் சண்டையில் அது எளிது) பயன் தராது.

பதில் (பென்னாகரம்): நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவ மேற்பார்வை அவசியம். அவர் மறுத்தாலும், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் நீங்கள் பேசுங்கள்.