கைவண்ணமா, கைத்தீட்டலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மௌனப்பட காலத்தில் பிலிம் சுருளின் மேல் தூரிகையால் நிறம் பூசியதைக் 'கைவண்ணம்' எனலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. காதுக்கு இனிமைதான். ஆனால் 'இன்ன இயக்குநரின் கைவண்ணத்தில் உருவான படம்' என்று நாளிதழ்கள் ஓயாமல் எழுதுகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் அது பொருந்திவிடுமே!

செய்முறையைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். ஓர் எடுத்துக்காட்டு: 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை போர்த்தா பியா என்ற நகரவாயில் அருகே மதிலை உடைத்து ரோமுக்குள் நுழைந்தது. அதைப் பற்றி ஃபிலோத்தேயோ அல்பெரினி எடுத்த குறும்படத்தை 1905-இல் அதே நாளில், அதே இடத்தில் திறந்தவெளியில் திரையிட்டார்கள். இத்தாலித் தாயைப் போற்றும் அதன் நிறைவுக் காட்சி கையால் நிறம் தீட்டப்பட்டது.

35 மி.மீ. பிலிமில் ஒரு சட்டகம் (ஃபிரேம்) தபால்தலை அளவுதான். நொடிக்கு 16 சட்டகம் என்று வைத்தாலும் நிமிடத்துக்கு 960. இத்தாலியக் கொடி என்றால் வெள்ளைப் பட்டையை அப்படியே விட்டுவிடலாம்; பச்சையையும் சிவப்பையும் ஒவ்வொரு சட்டகத்திலும் தொட்டுவைத்தாக வேண்டும். மயிரிழை பிசகினாலும் திரையில் நிறம் கொடியை விட்டுத் துள்ளும். பிரெஞ்சு இயக்குநர் மெலியேயின் படங்களுக்கு நிறம் தீட்டிய பாரிஸ் பட்டறையில் எலிசபெத் துய்யேயின் கீழ் ஏறத்தாழ 200 பெண்கள் வேலை செய்தார்கள், ஆளுக்கு ஒரு நிறமாக.

இந்த உழைப்புக்கு 'வண்ணமூட்டல்' போதாது. கணினியில் பழைய படத்துக்கு நிறம் சேர்ப்பதும் அதற்குள் அடங்கிவிடும். வெட்டிய துளைகளின் வழியே நிறம் பூசும், பாத்தே நிறுவனத்தின் ஸ்டென்சில் முறை வேறு. சுருளை முழுதாகச் சாயத்தில் முக்குவதும் வேறு. அதற்குச் 'சாயத்தோய்ப்பு' பொருந்தும். தூரிகை வேலைக்குக் 'கைத்தீட்டல்' என்பதே என் பரிந்துரை.

'தீட்டு' என்றால் விலக்கு என்ற பொருள் வருமே என்பார்கள். ஓவியம் தீட்டினான், மை தீட்டினாள் என்னும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனாலும் 'கைத்தீட்டுப் படம்' என்று சுருக்க வேண்டாம். அங்கே சிக்கல் உண்டுதான்.

இன்னொன்று: நிறம் படத்துக்குரியது அல்ல, படிக்குரியது (பிரதிக்குரியது). ஒரே படம் சாதாரணப் படியாகவும், கூடுதல் விலையில் நிறப் படியாகவும் விற்பனையானது. ஆகவே 'கைத்தீட்டிய படி' என்று எழுதுவோம். படத்திலுள்ள வெள்ளியையே வேதிமுறையில் நிறமாக்கும் டோனிங்குக்கு நல்ல சொல் இருந்தால் தாருங்கள். 'நிறமாற்றம்' எனக்குப் பிடிக்கவில்லை.