உதவி தேவை: ஆகஸ்டில் மோகாவே, மரணப் பள்ளத்தாக்கு வழியாக மூன்று பெண்கள் காரில் போகலாமா?

வைகைக்கரையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மூவரும் லாஸ் ஏஞ்சல்ஸில் முதுகலை படிக்கும் மாணவிகள். வகுப்புகள் தொடங்குமுன், ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், வாடகைக் கார் எடுத்து நான்கு நாள் மோகாவே பாலைவனத்தைச் சுற்றி வர எண்ணியிருக்கிறோம். முதல் நாள் ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. அங்கிருந்து ட்வென்டிநைன் பாம்ஸ், அம்பாய், கெல்சோ, பேக்கர் வழியாக லாஸ் வேகஸ். மூன்றாம் நாள் மரணப் பள்ளத்தாக்கு (டெத் வேலி) தேசியப் பூங்காவைக் குறுக்கே கடந்து, லோன் பைன் போய், 395ஆம் நெடுஞ்சாலையில் ஊர் திரும்புவது எங்கள் திட்டம்.

இருவருக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. அவர்களில் ஒருத்தி அதை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. வெயிலுக்குப் பயந்து பாலைவனப் பகுதியை இரவில் கடக்கலாமா என்று யோசிக்கிறோம். மதுரையில் இருக்கும் அம்மாவின் கவலையெல்லாம் வழியில் வரக்கூடிய ஆட்களைப் பற்றித்தான். அவருக்காக மிளகுத் தெளிப்பான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் பாதை சரியா? எங்கே தங்குவது? வேறு என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

தார்ச்சாலை எழுதியது:

பதினோரு ஆண்டுகளாகப் பார்ஸ்டோவுக்கும் வேகஸுக்கும் இடையே வேலை நிமித்தமாக ஓட்டி வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் அச்சங்களின் வரிசை தலைகீழாக இருக்கிறது. மரணப் பள்ளத்தாக்கில் மற்ற எந்தக் காரணத்தையும்விட, வேறு வண்டி எதுவும் மோதாமல் ஒற்றைக் கார் தானே சாலையை விட்டு விலகிக் கவிழும் விபத்துகளில்தான் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்று பூங்கா நிர்வாகமே பார்வையாளர்களை எச்சரிக்கிறது. சாலை நேராகவும் காலியாகவும் இருப்பதால் வேகம் தெரியாது. திடீரென ஒரு வளைவு வரும், சக்கரம் ஓரத்துச் சரளையில் இறங்கும், புதிதாக ஓட்டுபவர் பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டித் திருப்புவார், கார் உருண்டுவிடும். சக்கரம் சரளையில் இறங்கினால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் குறைந்த பிறகு மெதுவாக மேலேறுங்கள். உரிமம் வாங்கி இரண்டு மாதம் ஆன தோழி நகரை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் மட்டும் ஓட்டட்டும். ஓட்டுகிற இருவரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இரவுப் பயணம் வேண்டாம். காட்டுக் கழுதைகளும் கயோட்டி நரிகளும் சாலையில் வந்து நிற்கும்; விளக்கே இல்லாத ஒற்றைத் தடச் சாலையில் அவை கண்ணில் படும்போது தூரம் மிச்சமிருக்காது. தவிர, ஆகஸ்ட் இரவிலும் பள்ளத்தாக்கின் தரை குளிர்வதில்லை. விடியலுக்கு முன் கிளம்பி, பத்து மணிக்குள் வெளியில் நிற்கும் வேலையை முடித்துவிடுவதே உத்தமம். கோடையில் பத்து மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடக்கவே வேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரையும்கூட.

அம்பாய், கெல்சோ பாதை அழகானது, ஆனால் ட்வென்டிநைன் பாம்ஸை விட்டால் பேக்கர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அம்பாயில் இருக்கும் ஒரே பழைய நிலையத்தைத் தவிர பெட்ரோலுக்கு வழியில்லை, பெரும்பகுதியில் சிக்னலும் இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைமேகம் திரளும் பருவம் வேறு. எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வெயில் காயும்போதே சாலையை அரித்துக்கொண்டு போகும். 2022 ஆகஸ்ட் 5 அன்று மரணப் பள்ளத்தாக்கில் பெய்த ஒரு மழையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹிலரி புயலின் மழை வந்தபோது பூங்காவே அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிக் கிடந்தது. ஆகவே ஜாஷுவா ட்ரீயிலிருந்து யக்கா வேலிக்குத் திரும்பி, 247ஆம் சாலையில் பார்ஸ்டோ போய், 15ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். சுற்றுதான், ஆனால் அந்த நெடுஞ்சாலையில் எந்நேரமும் வண்டி நடமாட்டம் உண்டு. சாலைக்குக் குறுக்கே நீர் ஓடினால் ஆழம் பார்க்க இறங்காமல் திரும்பிவிடுங்கள்; ஓரடி வெள்ளமே பல கார்களை மிதக்கவைக்கப் போதும்.

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவள். மேலே சொன்னவர் விட்ட ஒன்றை, பெண்களுக்கே உரிய ஒன்றை, வெளிப்படையாகச் சொல்கிறேன். வழியில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று நாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம். திருவிழாக் கூட்டத்துக்கும் பேருந்துப் பயணத்துக்கும் போகும்போது சிறு வயதிலேயே பழகிய பழக்கம் அது. பாலைவனத்தில் அந்தப் பழக்கம் ஆளையே சாய்த்துவிடும். மரணப் பள்ளத்தாக்கில் எல்லாரும் பார்க்கப் போகும் ஜப்ரிஸ்கி முனையிலும் பேட்வாட்டரிலும் கழிப்பறைகள் உள்ளன. 15ஆம் நெடுஞ்சாலையில் ஓய்விடங்களும் உள்ளன. இடையில் அவசரம் என்றால் ஒதுங்கக் கூச்சப்பட வேண்டாம், ஒரு குடையும் துப்பட்டாவும் போதும்.

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு நாளுக்கானதைக் கூடுதலாக வண்டியில் வையுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றும். உப்பு, சர்க்கரை கலந்த, நீரில் கரைத்துக் குடிக்கும் பொடியும், உப்புக் கடலையோ ஊறுகாய் சேர்த்த தயிர்ச்சாதமோ கூட இருக்கட்டும் (தயிர்ச்சாதத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், காரில் புளித்துப்போகும்). தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு தொடங்கினால் உடனே குளிர்சாதனம் ஓடும் வண்டிக்குள் போய், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். ஒருத்தி பேச்சில் குழம்பினாலோ நடை தள்ளாடினாலோ அது களைப்பல்ல, வெப்பத்தாக்கு. உடலை நனைத்து விசிறிக்கொண்டே அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். கடும் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடுவதால் ஹெலிகாப்டர் அங்கே பறக்க முடியாத நாள்கள் உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கயல் எழுதியது:

தங்கை, உன் அம்மாவின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. நானும் தோழியும் இரண்டு முறை இந்தப் பக்கம் போய் வந்திருக்கிறோம். அறைக்கதவு வெளியே கார் நிறுத்துமிடத்தை நோக்கித் திறக்கும் சாலையோர விடுதிகளைவிட, உள்நடை வழியாக அறைக்குப் போகும் விடுதியைத் தேர்ந்தெடுங்கள். வரவேற்பில் அறை எண்ணை உரக்கச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இருட்டுவதற்கு முன்பே அறைக்கு வந்துவிடுங்கள். படங்களை அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு பதிவிடுங்கள். அடையாளமில்லாத கார் ஒன்று விளக்கைச் சுழற்றி உங்களை நிறுத்தச் சொன்னால், எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, 911ஐ அழைத்து அது உண்மையான காவல் வண்டிதானா என்று கேட்டுக்கொண்டே வெளிச்சமான இடம் வரை செல்லலாம். மாணவர் விசாவில் இருப்பதால் கடவுச்சீட்டும், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 தாளும், கல்லூரி கொடுத்த ஐ-20 தாளும் கையில் இருக்கட்டும். இந்தப் பாதையை மாற்றித் தெற்கே சால்டன் கடல் பக்கம் போனால் எல்லைக் காவலரின் சோதனைச் சாவடி வரும்.

மிளகுத் தெளிப்பான் இருக்கட்டும், ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதே, குப்பி வெடித்துவிடும். அதற்குக் கொடுத்த பணத்தில் இரண்டு கேன் தண்ணீர் வாங்கியிருக்கலாம் என்பது என் கட்சி.

எங்களுக்கு நடந்தது ஆளால் வந்த வினையல்ல. ஷோஷோன் என்ற சிற்றூருக்குத் தெற்கே டயர் பக்கவாட்டில் கிழிந்தது. டிக்கியைத் திறந்தால் நம் ஊரில் ஸ்டெப்னி என்போமே, அது இல்லை. சிறிய காற்றடிக்கும் கருவியும் ஓட்டையடைக்கும் பசையும்தான் இருந்தன. பசை கிழிந்த டயருக்கு உதவாது. இரண்டரை மணி நேரம் காரின் நிழலில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தோம். வாடகைக்கு எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வைகைக்கரையாள் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. தார்ச்சாலை அண்ணா, ஒரு சந்தேகம். மரணப் பள்ளத்தாக்கைத் தோழி விட மனமில்லாமல் இருக்கிறாள். வழிகாட்டிச் செயலியில் பார்த்தபோது, பேக்கரிலிருந்து 127ஆம் சாலையில் வடக்கே போய், ஹாரி வேட் சாலை வழியாக பேட்வாட்டரை அடையலாம் என்று ஒரு வழி தெரிகிறது. வரைபடத்தில் அது நேர்க்கோடாக இருக்கிறது. அதில் போகலாமா?

தார்ச்சாலை எழுதியது:

கூடவே கூடாது. அது மண் சாலை. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்கின்றன, மாட்டிக்கொண்டால் இழுவை வண்டிக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும். ஆனால் கூலி பெரிதல்ல. 2009 ஆகஸ்டில் ஒரு தாயும் சிறு வயது மகனும் செயற்கைக்கோள் வழிகாட்டியை நம்பி அந்தப் பூங்காவின் ஆளரவமற்ற மூலையொன்றில் மணலில் புதைந்து நின்றார்கள். சில நாள்கள் கழித்து வனக்காவலர் கண்டுபிடித்தபோது தாய் உயிரோடு இருந்தார், பிள்ளை இல்லை. வரைபடத்தில் ஒரு கோடு இருப்பதாலேயே அங்கே சாலை இருப்பதாகச் செயலி எண்ணிக்கொள்கிறது. அங்கே மணலா, பாறையா, வெள்ளத்தில் போனதா என்று அதற்குத் தெரியாது.

போயே ஆக வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். முந்தைய இரவு, பள்ளத்தாக்குக்குக் கிழக்கே இருக்கும் பஹ்ரம்ப் ஊரில் தங்கி, அங்கேயே பெட்ரோலை நிரப்புங்கள். டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். பொழுது புலரும் நேரத்தில் கிளம்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட்டி, இளவெயிலிலேயே ஜப்ரிஸ்கி முனையில் நிற்கலாம். சாலை முழுக்கத் தார். பிறகு ஃபர்னஸ் க்ரீக் பார்வையாளர் மையத்தில் சாலை நிலவரம் கேட்டு, பேட்வாட்டரை எட்டிப் பார்த்து, பத்துக்கு முன் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் (134 டிகிரி ஃபாரன்ஹீட்) இன்றளவும் உலகச் சாதனை. லோன் பைன் பக்கம் கடக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். ஸ்டோவ்பைப் வெல்ஸிலிருந்து 1,500 மீட்டர் உயரமுள்ள டவுன் கணவாய்க்கு ஏறும்போது எஞ்சின் சூடாகும். அப்போது குளிர்சாதனத்தை அணைக்கச் சொல்லிப் பலகையே வைத்திருப்பார்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனால் வெப்பமூட்டியைப் போட வேண்டும். அது எஞ்சினின் சூட்டை உங்கள் முகத்தில் இறக்கும், ஆனால் எஞ்சின் பிழைக்கும். ஆகஸ்டில் அது வேண்டுமா என்று யோசியுங்கள்.

வண்டி நின்றுபோனால், எவ்வளவு அருகில் கட்டடம் தெரிந்தாலும், வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுபவருக்கு ஆளைவிடக் கார்தான் முதலில் கண்ணில் படும். ஐபோன் 14 முதல் வந்தவற்றில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி உண்டு. அமைப்புகளில் அதற்கான ஒத்திகையும் இருக்கிறது, வீட்டு வாசலில் நின்றே செய்து பாருங்கள். கைபேசியைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் சூட்டில் அணைந்துவிடும், எனவே தாளில் அச்சிட்ட வரைபடம் கட்டாயம்.

வைகைக்கரையாள் எழுதியது:

மூவரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். ஜாஷுவா ட்ரீ, 247, வேகஸ், பஹ்ரம்ப் என்று பாதையை மாற்றிக்கொண்டோம். முந்தைய மாலை வானிலைத் துறை கடும் வெப்ப எச்சரிக்கை விடுத்திருந்தாலோ, மலைகளில் மழைக்கு வாய்ப்பு என்று சொன்னாலோ, பள்ளத்தாக்கை விட்டுவிட்டு நவம்பரில் வருவோம் என்று தோழியும் ஒப்புக்கொண்டாள். முதலில் காட்டிய காரில் ஸ்டெப்னி இல்லை. வேறு கார் கேட்டு வாங்கினோம். தோழியின் அண்ணன் சான் டியேகோவில் இருக்கிறார். ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் எட்டு மணிக்கு அவர் எங்கே அழைக்க வேண்டும், எந்தச் சாலையில் இருப்போம், கார் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கும் அதே தாளின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

வைகைக்கரையாள் எழுதியது (ஆறு நாள் கழித்து):

நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டோம். பஹ்ரம்பில் இருந்தபோது கடும் வெப்ப எச்சரிக்கை வந்ததால் பள்ளத்தாக்குக்குப் போகவில்லை. பேக்கரில் அந்தச் சாதனையின் நினைவாக 134 அடி உயரத்தில் நிற்கும் வெப்பமானியின் கீழே மூவரும் படம் எடுத்துக்கொண்டோம். மூன்று நிமிடம்தான் வெளியே நின்றோம். செவிலி அக்காவுக்கு ஒரு தகவல்: குடையை ஒரு முறை பயன்படுத்தினோம்.