மஞ்சுவிரட்டும் கையில இருந்த டீ கிளாஸும்

செவலக்காளை: ஜல்லிக்கட்டுக்கு 2014-ல தடை, 2017-ல மெரினா போராட்டம், 2023 மே 18-ல உச்ச நீதிமன்றமே தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும்னு சொல்லியாச்சு. இன்னமும் 'ஆபத்து, ஆபத்து'ன்னு கூவுறவங்களுக்கு என்னதான் வேணும்? இறங்குறவன் தெரிஞ்சுதானே இறங்குறான்?

வைகைக்கரை: கோர்ட்டு விஷயம் முடிஞ்சுபோச்சு, சரி. இறங்குறவன் தெரிஞ்சு இறங்குறான், அதுவும் சரி. வேடிக்கை பாக்குறவன்? பக்கத்து ஊரு மஞ்சுவிரட்டுக்கு எங்க சித்தப்பா போகக்கூட இல்லண்ணே. ரோட்டோரம் டீ குடிச்சிட்டு நின்னாரு. பொட்டல்ல அவுத்துவிட்ட கட்டுமாடு ஒண்ணு வந்து தொடையில குத்திருச்சு. தூக்கும்போதும் கிளாஸ் கையிலயே இருந்துச்சு.

செவலக்காளை: அது மஞ்சுவிரட்டு தம்பி, திறந்த பொட்டல்ல மாட்டை அவுத்துவிடுறது. ஜல்லிக்கட்டுக்கு அலங்காநல்லூர், பாலமேடு வந்து பாரு. மாடு வெளிய வர்ற வாடிவாசல், ரெண்டு பக்கமும் தடுப்பு, கீழ தேங்காய் நார், நம்பர் போட்ட பனியன், டாக்டர் சோதனை. திமிலை மட்டும்தான் பிடிக்கணும், வாலைத் தொட்டா வெளியேத்திருவாங்க.

வைகைக்கரை: அந்தத் தடுப்பைத் தாண்டி மாடு போனபிறகு? கடைசியில கயிறோட நின்னு பிடிக்கிறது மாட்டுக்காரங்க. அங்க நாரும் இல்ல, பனியனும் இல்ல. காயம்பட்டவங்க கணக்குல வீரர், மாட்டுக்காரர், பார்வையாளர்னு வருஷாவருஷம் மூணா பிரிச்சுத்தானே பேப்பர்ல போடுறான்?

பழைய பனியன்: நாலு வருஷம் இறங்குனவன் சொல்றேன். பயமில்லைன்னு எவன் சொன்னாலும் பொய். மைக்ல மாட்டுக்காரர் பேரைச் சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கும். திமிலைக் கட்டிட்டா, அது மூணு துள்ளு துள்ளி முடிக்கிற வரைக்கும் வட்டிக் கடன், வீட்டுச் சண்டை ஒண்ணும் ஞாபகத்துல இருக்காது. அதுக்குத்தான் போனேன். பரிசுன்னு பாத்தா ஒரு அண்டா, ஒரு கட்டில். (கட்டில் இன்னும் ஆடுது.) இடது கை இப்ப முழுசா மடங்காது, அதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா பையன் 'நானும் இறங்கவா'ன்னு கேக்குறான். எதுக்கோ தெரியல, இன்னும் பதில் சொல்லல.

செவலக்காளை: அண்ணே, உங்களை மாதிரி ஆளுகளுக்காகத்தான் நான் பேசுறேன்.

வைகைக்கரை: அவர் கை அவர் இஷ்டம்ணே. நான் சித்தப்பா தொடையைப் பத்திப் பேசுறேன்.

செவலக்காளை: சரி, கட்டுமாடு அவுக்குற பொட்டலுக்கும் தடுப்பு வேணும்னு மனு எழுது, நானும் கையெழுத்துப் போடுறேன். தடைன்னு மட்டும் சொல்லாத.

வைகைக்கரை: தடைன்னு நான் எங்கண்ணே சொன்னேன்? மேல போய்ப் படிங்க.