பேய்ப்பட டிரெய்லர்: பயமே வரவில்லை

கேள்வி:
கல்லூரிப் படிப்புக்காக 2 நிமிடப் பேய்ப்பட டிரெய்லரும் போஸ்டரும் செய்கிறோம். கதவு திறந்து பேயின் முகம் தெரிகிற இடம்தான் உச்சம். எடிட் செய்து பார்த்தால் யாரும் பயப்படவில்லை. எங்கே கோட்டை விட்டோம்?

பதில்:
முகத்தைத் தூக்கிவிடுங்கள். என் குறும்படத்தில் கதவிடுக்கில் நாலு விரல் மட்டும் வைத்தேன், நகக்கண்ணில் ஈர மண். வகுப்பே அடங்கிப்போனது. அப்புறம், அலறலுக்கு முன் இசையை 2 விநாடி நிறுத்துங்கள். முழு மௌனம் வேண்டாம். வெற்று அறையின் சத்தத்தை அங்கேயே 30 விநாடி தனியாகப் பதிந்து, அதை மட்டும் ஓடவிடுங்கள்.

இன்னொரு பதில்:
போஸ்டருக்கும் அந்த விரல்களே போதும். ஆனால் ஸ்டில் கேமராவில் எடுங்கள். 1920×1080 பிக்சல் வீடியோ பிரேம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் 6.4 அங்குல அகலம்தான் வரும்.

கேட்டவர்:
சரி, முகத்தை வெட்டியாயிற்று. அறைச் சத்தம் எங்களிடம் இல்லை. நாளை மைக்கோடு போகிறோம்.