ஊசி குத்தின இரவில்தான் தெரிந்தது, எனக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே போடவில்லை என்று

பொகவந்தலாவைப் பிள்ளை:

இலங்கை மலையகத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சுகாதார உதவியாளராக இருக்கிறேன். வார்டு கூட்டுவது, குப்பை கட்டுவது, நோயாளியைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரேக்குப் போவது, இதுதான் வேலை. நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது இந்த வேலைக்கு வருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருசத்துக்கு முன்னால், அடை மழை, இரவு ட்யூட்டி. குப்பைப் பையின் வாயைக் கட்டும்போது உள்ளங்கையில் சுருக்கென்றது. ஊசிப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய ஊசி சாதாரணப் பையில் கிடந்திருக்கிறது. நான் செய்த முதல் காரியம், கையை வாயில் வைத்து உறிஞ்சியது. தேயிலை மலையில் முள் குத்தினால் அம்மா அப்படித்தான் செய்வார். அது தப்பு. நசுக்கவும் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், உடனே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பொறுப்பாக இருந்தவர், "விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்றார். ஒரு நர்ஸ் அக்காதான் விடாமல் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு நான் எப்போதும் கடன்பட்டவன்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ஹெபடைடிஸ் பி ஊசி மூணும் போட்டிருக்கீங்களா?" இரத்தத்தால் பரவி ஈரலைத் தாக்கும் ஒரு கிருமி அது.

சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லாம் போட்டாங்க சார் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: அது காசநோய்க்குப் போட்ட ஊசியின் தழும்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு 2003-ல்தான் தொடங்கியது. நான் பிறந்தது 1987. என் மகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போட்ட ஊசியில் இருக்கிற பாதுகாப்பு எனக்கு இல்லை. வார்டில் இரத்தத்தைத் துடைக்கிறவன் நான்.

தடுப்பூசி இல்லாதவருக்கு, இந்தக் கிருமி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை தொற்றலாமாம். கிருமி காய்ந்த இரத்தத்தில்கூட 7 நாள் வரை உயிரோடு இருக்குமாம். அந்த வார்டில் இருந்த ஒரு நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஊசி அவருடையதுதானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவருடையது என்றே எடுத்துக்கொண்டு, 24 மணி நேரம் முடிவதற்குள் எனக்கு உடனடிப் பாதுகாப்புத் தருகிற இமியுனோகுளோபுலின் ஊசி ஒன்று, தடுப்பூசியின் முதல் டோஸ் ஒன்று. பிறகு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. அந்த ஆறு மாதமும் என் சாப்பாட்டுத் தட்டை வேறாக வைத்துச் சாப்பிட்டேன். சாப்பாட்டாலோ தொட்டுப் பேசுவதாலோ ஹெபடைடிஸ் பி பரவாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மகளைத் தூக்கக்கூட பயந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

எனக்குத் தொற்றவில்லை. கடைசி ஊசிக்கு இரண்டு மாதம் கழித்துப் பார்த்ததில் எதிர்ப்புச் சக்தியும் வந்திருந்தது.

மஸ்கெலியா அக்கா:

தம்பி, எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்குன்னு தெரிஞ்சது வேற வழியில. வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்தப்போ "அன்ஃபிட்" என்று ஒரு வார்த்தை. ஏன் என்று விளங்கப்படுத்தவே இல்லை. ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) வந்ததும், "அவளுக்கு என்னமோ இருக்காம்" என்று பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு வருசம் டாக்டரிடமே போகல.

அப்புறம் கண்டியில கிளினிக்குக்குப் போனேன். எப்ப தொற்றினதுன்னு சொல்ல முடியாதுன்னாங்க. பிறக்கும்போதே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாமாம். கைக்குழந்தையில தொற்றினா 10 பேரில் 9 பேருக்கு உடம்பிலேயே தங்கிருமாம், பெரியவங்களுக்குத் தொற்றினா பெரும்பாலும் தானா போயிருமாம். வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தோம், இல்லை. அவருக்கு மூணு ஊசியும் காசு கொடுத்துப் போட்டோம். பிள்ளைகள் ரெண்டும் 2003-க்கு அப்புறம் பிறந்ததுங்க, அதுங்களுக்குப் போட்டிருக்கு. ஆனா என் தங்கச்சி, அண்ணன் ரெண்டு பேரும் டெஸ்டுக்கு வரமாட்டேங்கறாங்க. ஒரே அம்மா பெத்த பிள்ளைகள். தினமும் சொல்றேன்.

எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஈரல் ஸ்கேன். கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கச் சொல்லி வீடு தேடி வந்தவங்க பாசத்தில வந்தவங்கதான், குறை சொல்லல. ஆனா கிளினிக்கை விட்டுட்டு அதை நம்பியிருக்காதீங்க.

கம்பளை வாசகி:

எங்கள் ஊரில் 2007-ல் செங்கமாரி (மஞ்சள் காமாலை) பரவியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அது ஹெபடைடிஸ் ஏ, தண்ணீரால் வருவது. ஊசி, இரத்தக் கதையே வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் தம்பி தட்டை வேறாக வைத்திருக்கிறார். பீலித் தண்ணீரை (மலை ஊற்றிலிருந்து வருவது) அப்படியே குடிக்கிறவர்கள் கொதிக்கவைத்துக் குடியுங்கள், மேலே கக்கூஸ் குழி இருக்கிற லயங்களில் கட்டாயம்.

தலவாக்கலை சலூன்:

அண்ணே, நான் சவரம் செய்ற ஆள். ஆளுக்கு ஒரு பிளேட் மாத்துறேன். நானும் ஊசி போடணுமா? வயசு 41.

பொகவந்தலாவைப் பிள்ளை:

பிளேட் மாற்றுவது நல்ல காரியம் தம்பி. அதே பிளேட் உங்கள் விரலையும் கீறும்தானே? முதலில் இரத்தம் கொடுத்து டெஸ்ட் எடுங்கள், தொற்று இல்லையென்றால் மூன்று ஊசியையும் போடுங்கள். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். ஹெபடைடிஸ் சி-யும் இரத்தத்தால்தான் வரும், அதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் இப்போது மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிறது. அதனால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கா, உங்கள் தங்கச்சி எந்தத் தோட்டம்? எனக்கு வியாழக்கிழமை லீவு. நானே வந்து பேசுகிறேன்.

மஸ்கெலியா அக்கா:

வாங்க தம்பி. அண்ணனையும் வரச் சொல்றேன்.